சாப்பாட்டு முனை

எங்கள் வரைபடப் பிரிவில் புழங்கும் ஒரு சொல் எந்த அகராதியிலும் கிடையாது. சாப்பாட்டு முனை.

பழைய காகித வரைபடங்களைக் கணினிக்குள் ஏற்றிய காலத்தில் பிறந்த சொல் அது. ஊரின் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் அத்தனையையும் யாராவது உட்கார்ந்து, திரையில் தெரியும் தாளின் மேல் மவுஸை நகர்த்தி, புள்ளி புள்ளியாகத் தட்டிக் கோடாக்க வேண்டும். கோடு முடிந்தது என்று சொல்ல இரண்டு தட்டு. சாப்பாட்டு மணி அடித்தால் யார் கை சும்மா இருக்கும்? கோடு எந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தாலும் அங்கேயே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். சாப்பிட்டு வந்து மீதியைப் போடுவார்கள். சிலர் விட்ட இடத்தில் தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குவார்கள். சிலர் தொடங்கவே மறந்துபோவார்கள். அப்படி நடுத்தெருவில் எதையும் தொடாமல் நிற்கும் முனைக்குத்தான் அந்தப் பெயர். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பது பிரிவின் வழக்கம். நான் மட்டும் சிரித்ததில்லை. அப்படி ஒரு முனையில்தான் என் அக்காவின் வாழ்க்கை நின்றுபோயிருந்தது.

அச்சகத் தெருவில் இருந்த அந்த முனை ஓர் ஆளைக் கொன்றது. சாக்கடைக்குள் ஆள் இறங்கும் முன் மேலிருந்து வரும் குழாய்களை அடைத்தாக வேண்டும். எவை வருகின்றன என்பதை வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அச்சகத் தெருக் குழாய் தெருக்கோடி மேன்ஹோல் வரை வந்து சேர்கிறது. அது மண்ணுக்குள் இருக்கும் உண்மை. வரைபடத்திலோ அது மேன்ஹோலுக்குச் சில அடி முன்பே நின்றுவிட்டது. வராத குழாயை யார் அடைப்பார்கள்? அடைக்கவில்லை. உள்ளே ஒருவர் குனிந்து சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, மேலே எங்கோ தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு வெறும் கயிறுதான் கையில் வந்தது.

விசாரணை வைத்தார்கள். வடக்குப் பகுதித் தாள்கள் முழுவதையும் வரைந்தவள் அக்கா. யாரும் கேட்பதற்கு முன்பே அவள் எழுந்து நின்று, "என் தாள்தான். நான்தான் பாதியில விட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டாள். அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டியபோது தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? வேலை போயிற்று. அவளாக ஒப்புக்கொண்டதால் அதோடு விட்டார்களாம், பெருந்தன்மை.

அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். வாசல் அறையில் தையல் இயந்திரம் போட்டு, அக்கம்பக்கத்தாரின் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறையாவது, இறந்தவரின் மனைவி இருக்கும் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பாள். முதல் முறை அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் முறை வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்னிக்கு அப்படி என்ன அவசரம் உனக்கு?"

வரைந்த நாள் அக்காவுக்கு நினைவில் இல்லை. ஆனால் கோடு ஏன் பாதியில் நிற்கும் என்று எங்கள் பிரிவில் யாரைக் கேட்டாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். பசி. அதை அந்தம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து அக்கா மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், தட்டை வீசி எறிந்தும் இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அவள் சத்தம் போடாமல் சிதறியதைப் பெருக்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

அவள் விட்ட நாற்காலியில்தான் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். பிரிவின் தலைவர் வாங்கிக் கொடுத்த வேலை. நின்றாலும் உட்கார்ந்தாலும் வளையாத முதுகு என்பதால் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். முகத்துக்கு நேரே சார். அக்காவும் அவரும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. கூடப் பிறக்காவிட்டாலும் அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு வேலை போன பிறகு என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் படித்திருக்கிறாயே, வா என்று சேர்த்துக்கொண்டார். என் மகன் பள்ளியில் சேர்ந்தபோது புத்தகப் பை வாங்கித் தந்தார். நல்ல மனிதர் என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மழைக்காலத்துக்கு முன் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தண்ணீர் எந்தத் தெருவில் எப்போது ஏறும் என்று கணக்குப் போடும் புதிய மென்பொருள் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு குழாய்க் கோடும் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிய வேண்டும், தண்ணீர் போகிற திசையிலேயே. திரையில் பார்த்தால் கோட்டுக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் கோடு கோடுதான். ஆனால் கோப்புக்குள் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கை முதலில் தட்டிய புள்ளி முதலில், கடைசியாகத் தட்டியது கடைசியில். வரைந்தவர் மறந்திருப்பார், கோடு மறந்திருக்காது.

ஆகவே பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கணினிக்கான கட்டளைப் பட்டியல், எழுதினேன். ஒவ்வொரு கோடாக எடு. முதல் புள்ளியைக் கேள், கடைசிப் புள்ளியைக் கேள். முதல் புள்ளிக்குப் பூஜ்யம் என்று எழுத வேண்டும், கடைசிப் புள்ளிக்கு மைனஸ் ஒன்று. நடுவில் எத்தனை புள்ளி இருந்தாலும் எண்ணத் தேவையில்லை. இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தின் மேல் தனி அடுக்காக எழுது; ஒவ்வொன்றிலும் தரை உயரம் என்ன என்று உயரப் படத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வை. தொடக்கம் உயரமாக இருந்தால் கோட்டுக்கு நீலம், தாழ்வாக இருந்தால் சிவப்பு. முதல் ஓட்டத்திலேயே ஸ்கிரிப்ட் குப்புற விழுந்தது. சில கோடுகள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்த பிறகே முனைகளைக் கேட்க முடியும். பிரித்தேன், ஓட்டினேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் தெற்குப் பகுதி முழுக்க நீலம். வடக்குப் பகுதி முழுக்க ரத்தச் சிவப்பு.

பக்கத்து மேசைப் பையன்கள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, பாதி ஊர்ல தண்ணி மேல்நோக்கி ஓடுது?" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வடக்கு அக்காவுடையது. ஸ்கேல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"உங்க அக்கா பழக்கம் அது," என்றார் மெல்ல. "பரவாயில்ல. எல்லாத்தையும் திருப்பிடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

திருப்புவதும் சுலபம்தான். புள்ளிகளின் வரிசையைத் தலைகீழாக்க ஒரு வரி போதும். ஆனால் அன்றைக்கே ஓட்டவில்லை. அக்காவின் கை போட்டதை அழிப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் வரைபடம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அன்று மாலை வாயைக் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று தொடங்கினேன்.

"உன் கோடெல்லாம் தலைகீழாம்," என்றேன். "பாதி ஊரு சிவப்பா நிக்குது. நாளைக்குத் திருப்பப் போறேன்."

அக்கா ஒரு பாவாடையின் பக்கத் தையலை மூட்டிக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது. எழுந்து உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"தலைகீழ் என்னடி தலைகீழ்," என்றாள். "கடைசியில எங்க போய்ச் சேருதுன்னு தெரியாம ஒரு கோட்டை எப்படி ஆரம்பிக்கிறது? ஆத்துல இருந்து ஆரம்பிச்சா, ஒரு குழாயும் விட்டுப்போகாது. ஒவ்வொண்ணா மேல ஏறி வீட்டு வாசல் வரைக்கும் போயிடலாம். மேலேருந்து இறங்கினா எங்கயாவது வழி தவறும்."

"எல்லாக் கோடும் அப்படித்தானா?"

"ஒண்ணு கூட மேலேருந்து போட்டதில்ல." அவள் குரலில் நான் மறந்தே போயிருந்த ஒரு மிடுக்கு எட்டிப் பார்த்தது, அடுத்த நொடியே காணாமல் போயிற்று. மறுபடி பெடலை மிதித்தாள். அப்போதுதான் கவனித்தேன். பாவாடையையும் அவள் கீழ் விளிம்பிலிருந்து இடுப்பை நோக்கித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள், மாடிப்படியைக் கீழிருந்து மேலாகக் கழுவி எங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியவள். பிறவியிலேயே அப்படி.

மறுநாள் காலை, திருப்பும் வரியை எழுதிவிட்டு, ஓட்டுவதற்கு முன் சிவப்புப் பகுதியைக் கடைசியாக ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். விடைபெறுவதுபோல ஒரு அசட்டுத்தனம், வேறென்ன. சிவப்புக்கு நடுவே ஓரிடத்தில் நீலம் தெரிந்தது.

வடக்கின் ஓரங்களில் பின்னாளில் வந்த குடியிருப்புகளின் குழாய்களும் நீலமாகத்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்தவர்கள் நாங்கள். அவற்றின் எண்கள் பெரியவை. கோடு போடப் போட மென்பொருளே வரிசையாக எண் கொடுத்துக்கொண்டு போகும். இந்த நீலக் கோடுகளுக்கோ பழைய எண்கள். அக்காவின் கோடுகளுக்கு நடுவே, அடுத்தடுத்த எண்களாக ஒரு சிறு கொத்து. அதற்கு முன்னும் சிவப்பு, பின்னும் சிவப்பு. எந்தத் தெரு என்று பார்த்தேன்.

அச்சகத் தெரு.

கொத்தின் கடைசிக் கோடுதான் அந்தக் கோடு. விபத்துக்குப் பிறகு அதன் முனையையும் மேன்ஹோலையும் இணைத்து யாரோ ஒரு சின்னத் துண்டு போட்டிருந்தார்கள். பழைய கோட்டைத் தொட எவருக்கும் தைரியம் வரவில்லை. அது அப்படியே கிடந்தது. முதலில் ஸ்கிரிப்ட் மேல்தான் சந்தேகம் வந்தது. என் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அந்த ஒரு கோட்டை மட்டும் தனியாக எடுத்து, அதன் புள்ளிகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். முதல் புள்ளி தெருவின் மேட்டில், வீடுகளின் பக்கம். அடுத்தது கொஞ்சம் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. கடைசிப் புள்ளி, மைனஸ் ஒன்று, மேன்ஹோலுக்குச் சில அடி முன்னால். யாரோ மேலிருந்து இறங்கி வந்து, சேர வேண்டிய இடத்துக்கு ஒரு தட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதன் அருகில் இருந்த சிவப்புக் கோடுகளையும் திறந்து திறந்து பார்த்தேன். எல்லாம் மேன்ஹோலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிந்தன. ஒன்றுகூட மாறவில்லை.

நல்லவேளை, ஸ்கேல் அறையில் தனியாக இருந்தார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

"சார், இந்தக் கோடு அக்கா போட்டது இல்ல."

அவர் திரையைப் பார்த்தார். எந்தக் கோடு என்று கேட்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

"திசையை வெச்சுச் சொல்றியா?" என்றார். "பின்னாடி யாராவது திருப்பியிருக்கலாமேம்மா."

"திருப்பியிருக்கட்டும் சார். விட்டுப்போன இடம் மாறுமா? அவ மேன்ஹோல்ல ஆரம்பிச்சு மேல போறவ. பாதியில எழுந்து போயிருந்தா வீட்டுப் பக்கம்தான் காலியா இருக்கும். இங்க காலியா இருக்கறது மேன்ஹோல் பக்கம். அவ முதல் தட்டுத் தட்டற இடம் சார் அது. அதை எப்படி அவ விட்டிருப்பா?"

அவர் கை மெல்ல மவுஸை நோக்கி வந்தது. திருப்பும் வரி திரையின் ஓரத்தில் தயாராக இருந்தது; ஒரு தட்டுத் தட்டினால் வடக்கும் தெற்கும் ஒரே நீலமாகிவிடும், யார் எந்தப் பக்கமிருந்து வரைந்தார்கள் என்று அப்புறம் எவரும் கண்டுபிடிக்க முடியாது. தட்டத்தான் வந்தாரா, அல்லது சும்மா வந்த கையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மவுஸின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம், டிபன் டப்பாக்கள் திறக்கும் சத்தம். ஸ்கேல் எழுந்திருக்கவில்லை.

"அந்த வாரம் உங்க அக்கா லீவு," என்றார். "உனக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில உன்கூட இருந்தாங்க. அந்த மாசம் போட வேண்டிய கோடு குறைஞ்சா அவங்களைத்தான் கேள்வி கேப்பாங்க. சரி, நம்ம தங்கச்சி மாதிரின்னு, அவங்க மேசையில உட்கார்ந்து ஒரு மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் போட்டேன். அவங்க திரும்பி வந்தப்போ தூக்கமே இல்லாத கண்ணு. தான் போட்டதுன்னே நினைச்சுக்கிட்டாங்க. நானும் சொல்லிக்கல. செஞ்ச உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு."

"மணி அடிச்சதும் எழுந்துட்டீங்க."

"எழுந்துட்டேன். சாப்பிட்டுட்டு வந்து என் மேசையில உட்கார்ந்துட்டேன். அவ்வளவுதான்."

"விசாரணையில?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க எழுந்து 'என் தாள்'னுட்டாங்க. வாயை மூடிக்கிட்டேன். எனக்கும் நிச்சயமா ஞாபகம் இல்லம்மா. நிச்சயமா தெரியாம எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"பார்த்திருக்கலாமே சார்! முதல் புள்ளி எது, கடைசிப் புள்ளி எதுன்னு கேட்டிருந்தா அதுவே சொல்லியிருக்குமே. ரெண்டு நிமிஷ வேலை."

"அதனாலதான் பார்க்கல," என்றார்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுதக்கூடியவை அல்ல. புத்தகப் பையைக் கூட இழுத்துப் பேசிவிட்டேன். என் மகன் பிறந்த நாளை ஒட்டி வந்த வினை என்பது ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. உதவி செய்ய உட்கார்ந்தவர்தான், அதை நான் இன்றும் நம்புகிறேன். நம்பினாலும் மனம் ஆறவில்லை.

"நான் வீட்டுக்குப் போறேன் சார். அக்காகிட்ட சொல்லப் போறேன்."

"நீ சொல்லாதே." அவர் எழுந்தார். அந்த முதுகு வளைந்து அன்றுதான் பார்த்தேன். "நானே வந்து சொல்றேன்."

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். எனக்கு வழக்கம்போல் சாப்பாடு எடுத்து மூடி வைத்துவிட்டு, அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த டம்ளர் தண்ணீர். அவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே," என்று எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துப் போட்டாள். பல வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறாள். கண்ணில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. அச்சகத் தெருக் கோட்டைப் போட்டவர் அவர். மணி அடித்ததும் பாதியில் விட்டவர் அவர். விசாரணையில் சும்மா இருந்தவரும் அவர். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துணியைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தாள், இனி மடிக்க முடியாத அளவுக்கு.

சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், பாரம் இறங்கியது என்பாள், இப்படியெல்லாம். அவள் என் பக்கம் திரும்பி, "மேலேருந்து போட்டிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா. மேலேருந்துதான்."

"எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்," என்றாள். "பார்த்திருந்தா ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். நான்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

அப்புறம்தான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் போய் அணைத்துக்கொண்டேன். எலும்பாக இருந்தாள். ஒன்பது வருடப் பட்டினி என் கைக்குள் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் போடலன்னு ஆனதால அந்த மனுஷன் எழுந்து வரப் போறதில்ல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்."

"சொல்றேன்மா. போறேன்."

"தனியா போனா போக மாட்டீங்க. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிடுவீங்க. நான் போயிருக்கேன், எனக்குத் தெரியும். கூட வர்றேன்." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது. "அன்னிக்கு என்ன அவசரம்னு கேப்பாங்க. இத்தனை வருஷமா அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கும். இருக்கறதை அப்படியே சொல்லுங்க."

"சரிம்மா," என்றார். வாசலை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார், இப்போதே போய் முடித்துவிட வேண்டும் என்பதுபோல.

"இருங்க," என்றாள் அக்கா.

எனக்காக மூடி வைத்திருந்த தட்டை எடுத்தாள். உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். சாப்பாட்டை இரண்டாகப் பங்கிட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினாள். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சுவரில் மணி பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வர்றேன்," என்றாள் அவரிடம். "அதுவரைக்கும் எழுந்து போயிடாதீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்களின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். அக்கா முதல் கவளத்தைக் கையில் எடுத்து, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கவளமாக, தட்டில் ஒன்றும் மீதி இல்லாமல். அவள் கை கழுவி வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.